மச்சியின் துஆ நோட்டு

மச்சி,

இன்று மக்ரிப் தொழுதுவிட்டு அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவின் மேல் குர்ஆனுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் நோட்டை எடுத்து வந்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். முத்தமிட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, என் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"ரெண்டு நாளா மூஞ்சியே சரியில்ல ஒனக்கு. ஒம் மச்சி கையால எழுதின துஆ. தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படு. பயம் எல்லாம் போயிடும்."

அட்டையில் இன்னும் கோடாலித் தைல வாசம் இருக்கிறது. அண்ணன் சவூதியிலிருந்து யாராவது வரும்போதெல்லாம் கொடுத்தனுப்பும் தைலம். தலைவலி இருக்கிறதோ இல்லையோ, மத்தியானம் ஆனால் நெற்றியில் தடவிக்கொள்வீர்கள். அந்த விரலாலேயே எழுதுவீர்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்தது. அம்மா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

இந்த நோட்டில் அல்லாவிடம் கேட்கிற துஆ ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் போன பிறகு எனக்கு மட்டும்தான்.

எல்லோரும் படுத்த பிறகு ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில். வெளிச்சம் போதாமல் எழுத்து கோணலாக வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ரியாத்தில் வேலை. இரண்டு மாத லீவில் பாதி ஓடிவிட்டது. நாளை பேசி முடித்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே நிக்காஹ். நல்ல பிள்ளை என்கிறார்கள். எனக்கும் அவர் மேல் ஒரு குறையும் இல்லை, முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மார்ச்சில் எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை. நிக்காஹ் ஆகிவிட்டால் ஹால் டிக்கெட் வாங்கக்கூடப் பள்ளிக்கூடம் போக முடியாது. "வாக்குக் கொடுக்குமுன்னே புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்று அத்தா அம்மாவிடம் சொல்லிவிட்டார். அத்தாவும் பெரிய மாமாவும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அறைத் திரைக்கு வெளியே நின்று கேட்பார்கள். நான் உள்ளே இருப்பேன். பதில் சொல்ல வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அந்த நிமிஷத்தைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது நீங்கள்தான்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. ஊருக்குக் கேபிள் டிவி வந்த வருஷம். கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதமே அண்ணன் பிளேன் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான், ஆம்பிளைகள் சபுராளிகள், பாஸ்போர்ட் கிடைத்ததும் கடல் தாண்டிப் போகிறவர்கள். பொம்பிளைகள் வெள்ளிக்கிழமை வரும் போனுக்காக இருப்பவர்கள். எதிர் வீட்டுப் போனில் அண்ணன் பேசும்போது உங்களைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள். நீங்கள் "நல்லாருக்கேன்" என்பீர்கள். கொஞ்சம் கழித்து மறுபடியும் "நல்லாருக்கேன்" என்பீர்கள். அத்தோடு அம்மா ரிசீவரை வாங்கிக்கொள்வாள். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது என் காதருகில் குனிந்து, "மூணு நிமிஷத்துல ஆறு தடவ நல்லா இருந்துட்டேன்டி" என்றீர்கள். உங்களை எனக்கு அன்றுதான் பிடித்துப்போனது.

கடற்கரை ஊரில் பிறந்தவர் நீங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். அரபு எழுத்து மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும். அரபு எழுத்துக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி மூன்று புள்ளி வைத்து, அதிலேயே தமிழை எழுதும் பழக்கம் உங்கள் ஊர்ப் பொம்பிளைகளிடம் இன்னும் இருந்தது. மளிகைச் சாமான் லிஸ்டைக்கூட நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள். ஒருமுறை கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, குர்ஆன் வரியோ என்று தலையில் தொப்பியைத் தேடினார்.

அந்தப் புத்தகம் வந்தது மழைக்காலத்தில். பள்ளிக்கூட நூலக அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, வீணான புத்தகங்களைத் தமிழ் டீச்சர் எங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார். எனக்குக் கிடைத்ததற்கு முன்னட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. சாரட்டு வண்டியில் போகிற காலத்து வெளிநாட்டு நாவல், யாரோ தமிழில் பெயர்த்தது. அட்டை இல்லாததால் எழுதியவர் யார், பெயர்த்தவர் யார் என்று நமக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அம்மா எதிர் வீட்டுக்கு டிவி பார்க்கப் போகிற மத்தியானங்களில் அதை உங்களுக்கு வாசிக்கத் தொடங்கினேன். நான் எப்போதும் போல முனகினேன். நீங்கள் என் முகவாயைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

"யாருக்குடி வாசிக்கிற, ஒன் சட்டைப் பொத்தானுக்கா? எனக்குக் கேக்க வேணாமா? வாயைத் தொறந்து வாசி."

எனக்குக் குரல் வராது மச்சி. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "உள்ளேன்" என்று நான் சொல்வது முன்பெஞ்சைத் தாண்டாது. ஒருமுறை நான் உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். அதை உங்களிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "ஒங்க பள்ளிக்கூடத்துல பேசாம இருந்தா வரலன்னு எழுதுறாங்க. நம்ம வீட்டுல பேசாம இருந்தா சம்மதம்னு எழுதுறாங்க. எனக்கும் அப்படித்தான் எழுதினாங்க."

அதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

கதையில் ஒரு மர வியாபாரியின் மனைவி. பெயர்த்தவர் அவளைச் சீமாட்டி என்றே எழுதியிருந்தார். ஆற்றங்கரையில் பெரிய வீடு. வேலைக்காரர்கள், கணப்பு, பட்டுத் திரைகள். கணவன் அடிப்பவன் இல்லை, குடிப்பவன் இல்லை. அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். மாடி ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிற தோணியில் ஏறி, தனியாக அக்கரைக்குப் போய்விட்டு, அதே தோணியில் திரும்பி வர வேண்டும்.

கணவன் கேட்கிறான், அக்கரையில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று. யாருமில்லை என்கிறாள். பின்னே எதற்கு? போய் வருவதற்கு. உனக்கு இங்கே என்ன குறை? ஒரு குறையும் இல்லை என்பதுதான் அவளுக்கு இருந்த சங்கடமே. நூற்று எழுபது பக்கத்துக்கு அந்தத் தோணி வருகிறது, போகிறது. அவள் ஏறவே இல்லை.

நீங்கள் நடுநடுவே நிறுத்துவீர்கள். "கையுறைன்னா?" "கையில மாட்டிக்கிற உறை மச்சி." "வெயிலே கெடையாதா அந்த ஊருல? பாவம், கையில கோணியக் கட்டிக்கிட்டு எப்படித்தான் சோறு தின்னுவாங்களோ!" வெளியே கிளம்பும்போது சீமாட்டி முகத்திரை போடுகிற இடம் வந்தது. உங்கள் கண் விரிந்தது. "அவங்களும் போடுறாங்களா?" என்றீர்கள். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் சீமாட்டிகள். "சீமாட்டி, அந்த ஒலக்கைய எடு." "சீமாட்டி, கோழி உள்ள வந்துடுச்சு பாரு."

உங்களுக்குப் பிடித்த வரி வந்தால் என்னை மூன்று தடவை வாசிக்கச் சொல்லி, உங்கள் நோட்டில் அரபு எழுத்தில் எழுதிக்கொள்வீர்கள். ஒருநாள் அது அம்மா கையில் சிக்கியது. நீங்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். அம்மா உங்கள் தலையணையை வெயிலில் போட எடுத்தாள், நோட்டு கீழே விழுந்தது. நான் சுவரோடு சுவராக நின்றேன். அம்மாவுக்கு ஓதல் எல்லாம் மனப்பாடம்தான், எழுத்து தெரியாது. திறந்து பார்த்தாள். பக்கம் பக்கமாக அரபு எழுத்து.

"அல்லாவே, தரையில விழுந்துடுச்சே!" என்று பதறி எடுத்து முத்தமிட்டாள். "பாத்தியாடி ஒம் மச்சிய? துஆவா எழுதி வச்சிருக்கு. நீயும்தான் இருக்கிறியே, சினிமாப் பாட்டு எழுதிக்கிட்டு."

அப்படித்தான் சீமாட்டி பீரோ மேலே ஏறினாள். அதன்பிறகு ஒவ்வொரு வரி எழுதவும் நீங்கள் ஸ்டூல் போட வேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் உங்கள் முகம் சிறுத்துவிட்டது. அன்று இஷா தொழுகைக்குப் பிறகு, மறுபடியும் கைகால் முகம் கழுவி வுளூ செய்துகொண்டு வந்து, காலியாக விட்டிருந்த முதல் பக்கத்தில் பிஸ்மில்லா எழுதி, அதற்குக் கீழே நிஜமாகவே ஒரு துஆவை அழகாக எழுதினீர்கள். "மாமி முத்தம் குடுக்குறாங்க. மொத பக்கமாவது அதுக்குத் தகுதியா இருக்கட்டும்" என்றீர்கள். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீமாட்டியின் கல்யாணத்தை அவள் நினைத்துப் பார்க்கிற அத்தியாயத்தை வாசித்த அன்றுதான் உங்கள் நிக்காஹைப் பற்றிச் சொன்னீர்கள். கதையில் பாதிரியார் கேட்கும்போது அவள் தலையை மட்டும் அசைக்கிறாள். நீங்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். கை நின்றுவிட்டது.

"எங்கிட்டயும் கேட்டாங்கடி. வாப்பா, மாமா, இன்னொருத்தர், மூணு பேரும் வந்து நின்னாங்க. இன்னாருக்கு, இவ்வளவு மஹர்ப் பணத்துக்கு, ஒன்ன நிக்காஹ் பண்ணித் தரச் சம்மதமான்னு கேட்டாங்க. அப்பத்தான் எங்க மாமி என் வாயில ஒரு முழு மைசூர்பாக வச்சு அமுக்குனாங்க. பொண்ணு பட்டினியா இருக்கேன்னு பாசம். என்னால மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. முழுங்கிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள, 'புள்ள வெக்கப்படுது, சம்மதம்தான்'னுட்டுப் போயிட்டாங்க."

"நீங்க என்ன சொல்லியிருப்பீங்க மச்சி?"

நீங்கள் மறுபடியும் கீரையை உருவத் தொடங்கினீர்கள். "சம்மதம்னுதான் சொல்லியிருப்பேன். ஒங்கண்ணன் நல்ல மனுஷன். ஆனா சொன்னது நானா இருந்திருக்குமில்ல?"

பிறகு ஒரு காம்பால் என் கையைத் தட்டிச் சொன்னீர்கள். "பொண்ணுகிட்டக் கேக்கணும்கிறது மார்க்கம். அவ பதில் சொல்லக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. அது நாமளாச் சேத்துக்கிட்டது. ஒங்கிட்டக் கேக்க வரும்போது வாயில ஒண்ணையும் வாங்கிடாதே."

அண்ணனுக்குக் கடிதம் எழுதும் வேலையும் என்னுடையதுதான். நீங்கள் சொல்வீர்கள், நான் எழுதுவேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆடு குட்டி போட்டதிலிருந்து ஓடு மாற்றியது வரை எல்லாவற்றையும் சேர்ப்பாள். ஒருநாள் அம்மா தொழ எழுந்து போன நேரத்தில் அவசரமாகச் சொன்னீர்கள்: "எழுதுடி. மச்சான், எனக்கு மாசம் ஒரு தடவ பஸ்ஸுல கும்பகோணம் வரைக்கும் போயிட்டு வரணும். ஒரு வேலையும் இல்ல. சும்மா."

நம் வீட்டில் பொம்பிளைகள் பஸ் ஏறுவது மூன்றே காரணத்துக்குத்தான். டாக்டர், ஜவுளி, மவுத்து விழுந்த வீடு. சும்மா என்று ஒரு காரணத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் வாசித்தேன். "சும்மா எதற்கு? உனக்கு அங்கே என்ன குறை? யாராவது எதுவும் சொன்னார்களா?" நீங்கள் அழப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "அடியே, மர யாவாரி எழுதின மாதிரியே எழுதியிருக்காங்க!"

சிரித்தீர்கள், ஆனால் அன்று சாப்பிடவில்லை.

அதைப் பார்த்துத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உங்களிடமும் கேட்கவில்லை. கணவனும் மனைவியும் தோணியைப் பற்றிப் பேசுகிற அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் பார்த்தெழுதி, "அண்ணே, இதை வாசித்துவிட்டு மச்சிக்குப் பதில் போடுங்கள்" என்று அடுத்த கடிதத்துக்குள் மடித்து வைத்துவிட்டேன். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் பயம் வந்தது. அண்ணன் கோபித்துக்கொண்டு அத்தாவுக்கு எழுதினால் உங்கள் கதி என்ன ஆகும் என்று தோன்றியது. விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் என் முதுகில் ஒன்று வைத்தீர்கள். "சீமாட்டிய ஆத்துல தள்ளிட்டியேடி!" பிறகு ஏழு வாரம் தபால்காரர் மணிச்சத்தம் கேட்டாலே நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பதில் வந்தது. அதைப் பின்னால் நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். இப்போது எனக்கு எதிரில் இருக்கிறது.

"கதையை ரூமில் சத்தமாக வாசித்தேன். பதினொரு பேர் இருக்கிறோம். முதலில் சிரித்தார்கள். அப்புறம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை லீவில் நாங்களும் கடற்கரை ரோட்டுக்குப் போய் நிற்போம். ஒரு வேலையும் இருக்காது. கேம்ப்பை விட்டு வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அதற்குப் பெயர் தெரியவில்லை. நீ போய் வா. எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்."

அந்தக் கடைசி வரியை என்னை எத்தனை தடவை வாசிக்கச் சொன்னீர்கள்!

அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "சும்மா போறாளாம், சும்மா! காலு வலிக்குதுன்னாவது ஒரு சாக்கு சொல்லிட்டுப் போனா என்ன?" என்று பாத்திரங்களிடம் சொன்னாள். ஆனால் மகன் எழுதிவிட்டான். நான் துணைக்குப் போக வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு விட்டாள்.

முதல் தடவை போனது ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரம். நீங்கள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். நாற்று விட்டிருந்த வயல்கள் கண் கூசுகிற பச்சையாக ஓடின. கண்டக்டர் வந்து, "எங்கம்மா எறங்கணும்?" என்றார். "பஸ்ஸு எது வரைக்கும் போவுமோ அது வரைக்கும்" என்றீர்கள். கும்பகோணத்தில் இறங்கி நடந்து, காவிரிப் பாலத்தில் போய் நின்றோம். ஒன்றும் வாங்கவில்லை. கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. நீங்கள் கைப்பிடிச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தீர்கள்.

"எதுக்குடி வந்தோம்?"

"சும்மா மச்சி."

"இன்னொரு தடவ சொல்லு."

"சும்மா!"

பாலத்தில் போன பூக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வருகையில் அதே பஸ், அதே கண்டக்டர். "என்னம்மா, இப்பத்தானே எறங்குனீங்க? எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?" "ஒண்ணும் மறக்கலண்ணே. திரும்பி வர்றோம், அவ்வளவுதான்." வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். உங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், ஏதாவது மாறியிருக்கிறதா என்று. நீங்கள் நேரே போய் உலை வைத்தீர்கள். அன்று வைத்த மீன்குழம்பை அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான்கு தடவை போனோம். நான்குதான்.

புத்தகம் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சீமாட்டி ஆற்றங்கரையில் நின்றாள். தோணிக்காரன் கை நீட்டுகிறான். அவள் ஒரு காலை எடுத்து வைக்கிறாள். அதோடு கிழிந்திருந்தது. தமிழ் டீச்சரிடம் கேட்டேன். "அந்தக் காலத்து நாவல்தானே? இந்த மாதிரிப் பொம்பளைங்க கடைசில ஆத்துல விழுந்துடுவாங்க. இல்லன்னா காசநோய் வந்துடும்" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. உங்களிடம் வந்து சொன்னேன்.

உங்களுக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "எழுதினது ஆம்பளையா, பொம்பளையா?"

"அட்டையே இல்லையே மச்சி."

"அப்ப ஆம்பளதான். தோணியில ஏத்தி விடத் தெரியுது, எறக்கத் தெரியல. ஏன் சாவணும்? நாம நாலு தடவ போனோமே, செத்தா போயிட்டோம்?"

அந்த முடிவை நீங்களே எழுதப்போவதாகச் சொன்னீர்கள். எழுதி முடித்த பிறகு வாசிக்கத் தருகிறேன் என்றீர்கள். அது புரட்டாசி. ஐப்பசி மழையில் உங்களுக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் வேனில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அண்ணனுக்கு லீவு கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் நான் வாசல் வரைதான் வந்தேன். அந்த ஒரு பயணத்திலிருந்துதான் நீங்கள் திரும்பவில்லை.

ஒரு வருஷமாக நான் நோட்டைத் தொடவில்லை. அது அம்மாவின் வேதக் கிதாபாகிவிட்டது. வியாழக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டுகிறாள். இன்று அவளாகவே கையில் கொடுத்ததால்தான் திறந்தேன். கடைசிப் பக்கம் வரை வந்தேன். நீங்கள் முடிவை எழுதியிருக்கிறீர்கள், மச்சி. ஐந்தே வரி. எழுத்துக் கூட்டி வாசித்தேன், நீங்கள் தமிழ் வாசிப்பதைப் போல.

"சீமாட்டி தோணியில ஏறிப் போனா. அக்கரையில எறங்கிச் சும்மா நின்னா. காத்து நல்லா அடிச்சுச்சு. சாயங்காலம் அதே தோணியில திரும்பி வந்தா. அன்னைக்கு அவ புருஷன் என்ன குறைன்னு கேக்கல, காத்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டான்."

அவ்வளவுதான். கீழே ஒரு தைலக் கறை.

இதை உங்கள் துஆ இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மா முத்தமிட்டது வீணாகவில்லை.

உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை மச்சி. எனக்கு இன்று ஒரு குரல் இருக்கிறதென்றால், மத்தியானங்களில் நீங்கள் என் முகவாயைத் தூக்கிப் பிடித்ததால் இருக்கிறது. கேட்கலாம் என்று எனக்குத் தெரிவது, தைலம் மணக்கும் விரலோடு நீங்கள் சவூதி வரைக்கும் கேட்டதால். கேட்டால் சில நேரம் கிடைக்கும் என்றும் தெரியும். நான்கு தடவை பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனும் போன வெள்ளிக்கிழமை போனில், "அத்தா கேக்கும்போது ஒனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு. நான் எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்றது. அந்த வார்த்தையை அது முதலில் யாருக்கு எழுதியது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பயம் போகவில்லை. அத்தா திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைக் கனைப்பது இப்போதே காதில் கேட்கிறது. ஊரில் பேசுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவார்கள். அம்மா என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ தெரியவில்லை. பரீட்சை எழுதி முடித்த பிறகு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாமல் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும்.

சொல்லவேண்டியதை எண்ணி வைத்திருக்கிறேன். "இப்ப எனக்குச் சம்மதம் இல்ல அத்தா. பரீட்சை முடியட்டும். அப்புறம் கேளுங்க, அப்பவும் நானே சொல்றேன்." தலையணையில் முகத்தை வைத்துப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏழாவது தடவை குரல் உடைந்தது. பத்தாவது தடவை உடையவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெட்டி வெளிநாட்டுச் சாக்லேட் வந்தது. அம்மா தங்கக் காகிதம் சுற்றிய ஒன்றை எடுத்து என் உதடு வரை கொண்டுவந்தாள். நான் கையில் வாங்கிக்கொண்டேன். இந்த மடலை எழுதத் தொடங்கியதிலிருந்து அது என் இடது உள்ளங்கையில்தான் இருக்கிறது. உருகி, காகிதத்துக்குள்ளேயே குழைந்துவிட்டது. காலையில் கோழிக் கூண்டுப் பக்கம் போட்டுவிடுவேன்.

நாளை பால் வரும், பழம் வரும், பெரிய மாமி கட்டாயம் தட்டு நிறைய மைசூர்பாகோடு வந்து நிற்பார். உங்கள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வாயில் ஒன்றும் இருக்காது, மச்சி.